ஒரே கூரையின் கீழ் அரச பதிவுகள்: ஊவா கேட்க வேண்டிய கேள்வி

மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ தோட்டத் தொழிலாளி ஒருவர் தமது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியைப் பெறுவதற்காகப் பிரதேச செயலகத்துக்குப் புறப்படும்போது, அன்றைய நாளின் 'பேரை' இழந்துவிட்டே புறப்படுகின்றார். பஸ் கட்டணம் வேறு. கைக்குழந்தையும் உடன் வருமாயின் அந்தச் சிரமம் வேறு. இவ்வாறு வந்து, வரிசையில் நின்று, கருமபீடத்தை அடையும்போது "சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்ற பதில் கிடைக்குமாயின் இரண்டாவது நாளின் பேரும் அவருக்கு இல்லாமற் போகின்றது. பதுளை நகரின் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் வியாபாரப் பதிவுக்காகச் சென்றாலும், வெலிமடை விவசாயி ஒருவர் மானிய விடயமாகச் சென்றாலும் கேட்கக்கூடிய பதில் இதுவே. எமது வாசகர்களில் இப்பதிலைக் கேட்டிராதவர்கள் மிகச் சிலராகவே இருப்பர்.

அந்தச் 'சிஸ்டம்' எங்கே இருக்கின்றது, யாருடைய பொறுப்பில் இருக்கின்றது, அது அழிந்துபோனால் எமது பதிவுகளுக்கு என்ன நேரும் என்ற கேள்விகளை நாம் எழுப்புவதில்லை. கணினி வல்லுநர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடுவதே வழக்கம். ஆனால் அவ்வாறு ஒதுக்கிவிடக்கூடிய காலம் கடந்துவிட்டது. ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் விளையும் தேயிலை விற்பனையாகின்ற கொழும்பு ஏலம், 2020 ஏப்ரலில் கொவிட் முடக்கத்தின் நடுவே இணையவழிக்கு மாறியது. 2025 பெப்ரவரி 7ஆம் திகதி 'கவ்பே' எனும் அரச கொடுப்பனவு முறை ஆரம்பித்து வைக்கப்பட்டது. இந்திய நன்கொடை உதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் முன்னெடுக்கப்பட்டு வருகின்றது. அஸ்வெசும கொடுப்பனவு கிடைக்குமா இல்லையா என்பதும் கணினியிலுள்ள புள்ளிகளைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. எனவே இப்பதிவுகள் எவ்வகையான இயந்திர ஏற்பாட்டில் வைக்கப்படுகின்றன என்பது சாதாரண மக்களின் விவகாரமேயாகும்.

நாம் கலைத்துறையில் கற்றவர்கள்; கணினி விஞ்ஞானம் எமது பாடமன்று. ஆயினும் இவ்விடயத்தை விளங்கிக்கொள்ள மலையகத்தவருக்குப் பாடநூல் தேவையில்லை. ஒரு லயத்தை நினைத்துக்கொண்டால் போதுமானது. முன்னர் ஒவ்வொரு திணைக்களமும் தனக்கென ஒரு சேவையகக் கணினியை, அதாவது 'சேர்வர்' ஒன்றை, வாங்கி வைத்திருந்தது. அவ்வியந்திரங்களில் பெரும்பாலானவை தமது ஆற்றலில் பத்திலொரு பங்கையோ ஐந்திலொரு பங்கையோ மாத்திரம் பயன்படுத்திக்கொண்டு, எஞ்சிய நேரமெல்லாம் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தன. இவற்றுக்குப் பதிலாக வலுவான சேவையகம் ஒன்றை வாங்கி, மென்பொருளின் துணையுடன் அதனைப் பல அறைகளாகத் தடுத்து, ஒவ்வொரு அறையையும் தனிக் கணினி போல இயங்கச் செய்வதையே மெய்நிகராக்கம் என்கின்றனர். அறைக்குள் இருக்கும் திணைக்களத்துக்குத் தான் தனி வீட்டில் இருப்பதாகவே தோன்றும். உண்மையில் சுவர் மெல்லியது, கூரை ஒன்றே.

இந்தத் தடுப்புகளை நிர்வகிக்கும் மென்பொருளுக்கு 'ஹைப்பர்வைசர்' என்று பெயர். கணினியை மேற்பார்வை செய்யும் அடிப்படை மென்பொருளை ஒரு காலத்தில் 'சூப்பர்வைசர்' என்றனர். அத்தகைய பல மேற்பார்வையாளர்களுக்கு மேலே நிற்பதால் இப்பெயர் வந்தது. சில்லறைக் கங்காணிகளுக்கு மேலே பெரிய கங்காணி இருந்த கதையை எமது பாட்டனார்களிடம் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பெரிய கங்காணியின் கையில் எல்லாப் பெயர்களும் இருந்தன. அவர் நல்லவராயின் நல்லது.

இம்முறை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே தனது பெருங்கணினிகளில் இதனைப் பரீட்சித்து, 1972இல் விற்பனைக்கும் விட்டது. சாதாரண சேவையகங்களுக்கு அதனைக் கொண்டுவந்ததில் 1998இல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்ட வி.எம்.வெயார் நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. மைக்ரோசொப்டின் ஹைப்பர்-வி 2008இல் வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் உள்ளேயே கே.வி.எம். எனும் திறந்த மூல ஏற்பாடு 2007இல் சேர்க்கப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டு வியன்னாவில் உருவான புரொக்ஸ்மொக்ஸ் போன்றவை இன்று சிறிய நிறுவனங்களிலும் பரவியுள்ளன.

நன்மைகளை முதலில் கூறுவதே நியாயமானது. டொலரைக் கொடுத்தே இயந்திரங்களை இறக்குமதி செய்ய வேண்டிய எமது நாட்டுக்கு, பத்து இயந்திரங்களின் வேலையை ஒன்றிரண்டில் முடித்துக்கொள்வது சிறிய இலாபமன்று. மின்சாரமும் குளிரூட்டல் செலவும் அதற்கேற்பக் குறையும். புதிய அலுவலகமொன்றுக்குச் சேவையகம் வேண்டுமாயின் கேள்விப்பத்திரம் கோரி மாதக்கணக்கில் காத்திராமல் சில நிமிடங்களில் ஓர் 'அறையை' ஒதுக்கிவிடலாம். ஓர் இயந்திரம் பழுதடையும் நிலையில், அதிலுள்ள அறைகளை வேலை நிற்காமலேயே மற்றோர் இயந்திரத்துக்கு நகர்த்திவிடலாம். லயத்தில் இதனைச் செய்ய முடியாது. இவ்வளவில் எமது உவமை தோற்றுப்போகின்றது.

இவை யாவற்றையும் விட ஊவாவுக்கு முக்கியமான நன்மை ஒன்றுண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்கள் புதைந்தபோது, மனிதர்களோடு அவர்களது அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தைச் சின்னாபின்னமாக்கியபோதும் உயிர்தப்பியோரில் பலர் உடுத்த உடையோடு வெளியேறினர். டிரங்குப் பெட்டியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்த காகிதம் மண்சரிவில் தப்புவதில்லை. மலைக்கு அப்பால் எங்கோ ஒரு சேவையகத்தில் அதன் பிரதி இருக்குமாயின், வீட்டை இழந்தவர் தாம் யார் என்பதையாவது இழக்க மாட்டார். ஆதலால் அரச பதிவுகள் கணினிமயமாவதை நாம் எதிர்க்கவில்லை, விரைவுபடுத்துமாறே கோருகின்றோம்.

ஆனால் அந்தத் தூரத்துப் பிரதி உண்மையில் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கின்றது? இங்கேதான் 2023ஆம் ஆண்டின் அனுபவத்தை மறந்துவிட முடியாது.

அவ்வாண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதியளவில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி ஏற்பாடு, 'ரான்சம்வெயார்' எனப்படும் கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, 'ஜிஓவி டொட் எல்கே' என முடியும் ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையைச் சில மணித்தியாலங்களில் மீள இயங்கச் செய்ய முடிந்தது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலப்பகுதிக்குரிய கடிதங்கள் மீளவில்லை. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. நூறு நாட்களுக்கு மேற்பட்ட அரச கடிதப் போக்குவரத்து இவ்வாறு போயிற்று. பயன்பாட்டில் இருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு என்பதும், அதனைப் புதுப்பிக்கும் வேலை 2021 முதல் நிதிப் பற்றாக்குறை முதலிய காரணங்களால் தாமதித்தது என்பதும் அப்போது அதற்குப் பொறுப்பாக இருந்த தகவல் மற்றும் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிறுவனத்தின் விளக்கங்களிலிருந்தே வெளியாயின. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2021 ஜூலையில், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் மருந்துப் பதிவுத் தரவுகள் இதே அரச மேகத்திலிருந்து அழிந்த சம்பவம் நீதிமன்றம் வரை சென்றது. முதலாவது மணி அடித்தபோது விழித்திருந்தால் இரண்டாவது மணியின் ஓசை இவ்வளவு பெரிதாகக் கேட்டிராது.

இவ்விழப்புகளுக்கு மெய்நிகராக்கமே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. பழைய மென்பொருளைப் புதுப்பிக்காமையும் பிரதி எடுக்காமையும் தனித்தனி இயந்திரங்களிலும் நிகழக்கூடியவையே. வேறுபாடு யாதெனில், தனி வீட்டில் தீப்பிடித்தால் ஒரு வீடு எரியும். லயத்தில் தீப்பிடித்தால் ஒரே இரவில் பத்துக் குடும்பங்கள் வீதிக்கு வருகின்றன. 2023 பெப்ரவரியில் வி.எம்.வெயார் சேவையகங்களை இலக்குவைத்து உலகெங்கும் நடைபெற்ற தாக்குதலில் ஆயிரக்கணக்கான சேவையகங்கள் பூட்டப்பட்டன. குற்றவாளிகள் ஒவ்வோர் அறையாகப் போகவில்லை; பெரிய கங்காணியையே பிடித்தார்கள். அவர்கள் நுழைந்த ஓட்டையை அடைப்பதற்கான திருத்தம் ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 2021 பெப்ரவரியில், வெளியிடப்பட்டிருந்தது என்பதே இதில் வேதனையானது.

மற்றுமொரு மயக்கமும் உண்டு. இத்தளங்கள் ஓர் அறையின் அந்தக் கணத்து நிலையை 'ஸ்னெப்ஷொட்' என்ற பெயரில் பதிந்து வைக்க உதவுகின்றன. பிழையொன்று நேர்ந்தால் முந்திய நிலைக்குத் திரும்பலாம். மிக வசதியானது. அந்த வசதியே பலரை ஏமாற்றிவிடுகின்றது. ஏனெனில் அந்தப் பதிவும் அதே இயந்திரத்தின் களஞ்சியத்திலேயே, அதே கூரையின் கீழேயே இருக்கின்றது. நகையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மாற்றுச் சாவியையும் அதே அலுமாரிக்குள் வைப்பது போன்றதாகும் இது.

எம்மை விட வசதிபடைத்த நாடுகளும் இதில் தப்பவில்லை. இந்தோனேசியாவின் சுரபாயாவிலுள்ள தற்காலிகத் தேசியத் தரவு மையம் 2024 ஜூன் 20ஆம் திகதி தாக்கப்பட்டபோது இருநூறுக்கும் மேற்பட்ட அரச நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன. விமான நிலையங்களில் குடிவரவு வரிசைகள் நீண்டன. 80 இலட்சம் டொலர் கப்பம் கோரப்பட்டது. அங்கிருந்த தரவுகளில் 98 சதவீதத்துக்குக் காப்புப் பிரதி இல்லை என்று அந்நாட்டு அதிகாரிகளே பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டனர். கணினித் துறையில் முன்னணியில் நிற்கும் தென்கொரியாவில் தாக்குவதற்கு எவரும் வரவேண்டியிருக்கவில்லை. 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி டேஜோன் நகரிலுள்ள அரச தரவு மையத்தில் பற்றரிகளை இடம்மாற்றும் வேளையில் மூண்ட தீயினால் 647 அரசச் சேவைகள் நின்றுபோயின. அரச ஊழியர்களின் கோப்புகள் வைக்கப்பட்டிருந்த 858 டெராபைட் களஞ்சியம் வேறிடத்தில் பிரதியில்லாமலே எரிந்தது. அளவு பெரிதாகையால் பிரதி எடுக்கவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் நுழைந்த குரங்கொன்றினால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதாக அமைச்சரே கூறிய எமது நாட்டில், கொரியரைப் பார்த்துச் சிரிப்பதற்கு எமக்கு எவ்வித அருகதையும் இல்லை.

ஒரே பிரதி என்பது எமது சமூகங்களுக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள் மீள அச்சிடக்கூடியவை பல மீண்டன. வேறெங்கும் பிரதியற்ற ஏடுகள் மீளவில்லை. 1983 ஜூலையில் பதுளை நகரின் தமிழர் கடைகள் எரிந்தபோது கணக்குப் புத்தகங்களும் உறுதிகளும் சேர்ந்தே எரிந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் தமது காணிகளுக்கான சான்றுகளை வீட்டிலேயே விட்டுச் சென்று, பிற்காலத்தில் அக்காணிகளை நிரூபிக்க முடியாது அலைந்தனர். தோட்ட மக்களின் கதை இன்னும் பழையது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புக்கு எழுத்துச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத தலைமுறைகளைச் சேர்ந்த இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களாயினர். அந்தச் சிக்கலின் இறுதி முடிச்சு அவிழ்வதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழும்பில் வசதியுள்ள ஒருவரின் பதிவு அழிந்தால் அவரிடம் வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு, பாடசாலைப் பதிவு, உறுதி என்று வேறு பத்துச் சான்றுகள் இருக்கும். முகவரியே தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமாக இருக்கும் ஒருவரிடம் என்ன இருக்கின்றது? தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டல், ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் மூன்றாவது என்ற நிலையில் ஓய்வுபெற்ற பின்னும் அலையும் முதியவர்களை நாம் அறிவோம். காப்புப் பிரதி இத்தகைய தவறுகளையும் பத்திரமாகவே காக்கும். எனவே பெயர்களைத் தமிழிலும் சரிபார்த்துத் திருத்திய பின்னரே அவற்றைப் புதிய அடையாள அட்டைக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். பதுளை மாவட்டத்தில் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேச செயலகங்கள் இருப்பது இதற்காகவேயாகும்.

எந்தத் தளத்தைத் தெரிவுசெய்வது என்பதிலும் பொதுமக்களின் பணம் சம்பந்தப்பட்டிருக்கின்றது. வி.எம்.வெயார் நீண்டகாலமாகப் பெரு நிறுவனங்களின் நம்பிக்கையைப் பெற்ற தளம். முதிர்ச்சியிலும் வசதிகளிலும் அதற்கு நிகரானவை அரிது என்று அத்துறையினர் கூறுவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2023 நவம்பர் 22ஆம் திகதி புரோட்கொம் நிறுவனம் அதனை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கி நிரந்தரமாகப் பயன்படுத்தும் அனுமதிப்பத்திர விற்பனை நிறுத்தப்பட்டு, காலத்துக்குக் காலம் பணம் செலுத்தும் சந்தா முறை வந்தது. அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. நிறுவனமே 2024இல் நீதிமன்றம் சென்று, தன்னிடம் 1,050 சதவீத விலை உயர்வு கோரப்பட்டதாக முறையிட்டது. அவ்வழக்கு பின்னர் இணக்கப்பாட்டில் முடிந்தது. அத்தகைய பெரு நிறுவனத்துக்கே இந்நிலையென்றால், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த முடியாது என்று அறிவித்த நாட்டின் மாகாண வைத்தியசாலையொன்று டொலரில் வரும் சந்தா உயர்வை எவ்வாறு தாங்கும்? சந்தா கட்டத் தவறினால் திருத்தங்கள் கிடைப்பதும் நின்றுவிடும். திருத்தம் கிடைக்காத தளத்துக்கு என்ன நேரும் என்பதை 2023 பெப்ரவரி காட்டியது.

ஹைப்பர்-வி, மைக்ரோசொப்ட் சேவையகங்களை ஏற்கெனவே வைத்திருப்போருக்குச் சிக்கனமானது. ஆனால் அதுவும் ஒரு நிறுவனத்தின் கூரைதான். கே.வி.எம்., புரொக்ஸ்மொக்ஸ் போன்ற திறந்த மூலத் தளங்களுக்கு அனுமதிப்பத்திரக் கட்டணம் இல்லை. மென்பொருள் இலவசம் என்பதால் எல்லாம் இலவசமாகிவிடாது; நள்ளிரவில் தளம் முடங்கினால் திருத்துவதற்கு ஆள் வேண்டும். எமது நிலைப்பாடு யாதெனில், சந்தாவுக்குச் செல்லும் டொலரில் ஒரு பகுதியை அந்த ஆட்களை உருவாக்குவதற்குச் செலவிடுவதே புத்திசாலித்தனமானது. பதுளையிலேயே 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் கணினி விஞ்ஞானப் பட்டதாரிகளை வெளியேற்றுகின்றது. அவர்களில் ஒரு பகுதியினருக்காவது மாகாணத்தின் வைத்தியசாலைகளிலும் செயலகங்களிலும் தகுந்த சம்பளத்தில் வேலை கிடைக்குமாயின், கொழும்புக்கோ மெல்பேர்னுக்கோ போகும் ஆற்றல் இங்கேயே நிற்கும். அரசாங்கச் சம்பள அளவில் அது இலகுவானதன்று என்பதையும் நாம் அறிவோம்.

தரவு மையம் ஒன்றைப் பதுளையிலேயே அமைக்க வேண்டும் என்று எமது அரசியல்வாதிகள் சிலர் நாளை மேடையேறக் கூடும். குளிர்ந்த காலநிலையால் குளிரூட்டல் செலவு குறையும் என்பதும் உண்மையே. ஆயினும் டித்வாவின்போது வீதியும் ரயில் பாதையும் தொலைபேசித் தொடர்பும் ஒருசேர அறுந்த மாவட்டத்தில் நாட்டின் ஒரே இரண்டாவது பிரதியை வைப்பது மாகாணப் பெருமைக்குப் பொருத்தமாக இருக்கலாம், பாதுகாப்புக்குப் பொருந்தாது. கொழும்பிலிருந்தும் மலைச்சரிவிலிருந்தும் விலகிய ஓரிடத்தில், வலையமைப்புடன் இணைக்கப்படாத ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பதே முக்கியம். அப்பிரதியை ஆண்டுக்கு ஒரு தடவையாவது உண்மையில் மீட்டுப் பார்த்து, அதன் பெறுபேறு கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையில் இடம்பெற வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி திறந்து பார்க்காத தீயணைப்புக் குழாய்க்குச் சமம். அதில் தண்ணீர் வருமா என்பது தீப்பிடித்த பின்னரே தெரியும்.

பதுளைக்குத் தேவையானது வேறொன்று. தொடர்பு அறுந்த நாளிலும் கருமபீடம் மூடப்படக் கூடாது. விண்ணப்பத்தைக் கையால் பதிந்து, உத்தியோகத்தரின் கையொப்பமும் முத்திரையும் இட்ட தற்காலிகக் கடிதமொன்றை வழங்கி, அது பாடசாலை அனுமதிக்கும் வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் குறிப்பிட்ட நாட்களுக்குச் செல்லுபடியாகும் என்று சுற்றறிக்கை வெளியிடுவதற்குக் கோடிக்கணக்கான பணம் தேவையில்லை. கணினி மீண்டதும் அப்பதிவை ஏற்றிவிட்டுச் சான்றிதழைத் தபாலில் அனுப்பலாம். மடுல்சீமைத் தாயின் இரண்டாவது நாள் பேர் அதனால் தப்பும்.

மேலும் ஒரு கணக்கு இன்னும் தீரவில்லை. 2023இல் இழக்கப்பட்ட மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலம், அஸ்வெசும பட்டியல் வெளியாகி, இலட்சக்கணக்கான மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் சமர்ப்பிக்கப்பட்டு, பிரதேச செயலகங்களும் கொழும்பும் ஓயாது கடிதம் பரிமாறிக்கொண்டிருந்த காலமாகும். பட்டியலில் விடுபட்ட தோட்டக் குடும்பங்கள் பல அவ்வேளை செயலக வாசல்களில் நின்றன. அந்த நூற்றொரு நாட்களில் ஊவா மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்ட அரச மின்னஞ்சல்களில் எந்தெந்த அலுவலகங்களின் கடிதங்கள் அழிந்தன, அவற்றில் பொதுமக்களின் முறைப்பாடுகள் தொடர்பானவை எவை, அவை மீண்டும் கேட்டுப் பெறப்பட்டனவா என்ற விபரத்தைப் பிரதேச செயலக வாரியாக வெளியிடுமாறு டிஜிட்டல் பொருளாதார அமைச்சைக் கோருவதற்குப் பதுளை மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் மக்கள் பிரதிநிதிகள் முன்வர வேண்டும்.